சுவருக்குள் சூடு

அடக்கம் முடிந்த மறுநாள், அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவும்போது கால் தடுக்கி, நோரீன் சுவரில் கையை ஊன்றினாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுப்பருகே இருக்கும் சூடு அல்ல. வெயிலில் கிடந்த கல்லின் சூடும் அல்ல. வீட்டின் பின்பக்கத்து அந்த அறைக்கு வெயில் வந்ததே கிடையாது. ஒருவர் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோன நாற்காலியில் கொஞ்ச நேரம் தங்குமே, அந்த மாதிரிச் சூடு. அவள் கையை மேலே நகர்த்தினாள். குளிர்ந்த சுவர். கீழே நகர்த்தினாள். குளிர். நடுவில் மட்டும், கட்டிலின் உயரத்தில், தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஒரு நீளமான பட்டை சூடாக இருந்தது.

அந்த அறையின் ஹீட்டரை உயிர் போன அன்றே அணைத்தாயிற்று. பிணம் கெடக் கூடாது என்று அடக்க வேலைக்காரர் சொல்லியிருந்தார். அந்தச் சுவரில் குழாய் எதுவும் ஓடவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே உறைபனி படிந்திருந்தது. நோரீன் கையைத் துடைத்துக்கொண்டாள், எதையோ தொட்டுவிட்டதுபோல. குளிர் தடுக்கச் சுவருக்குள் தெர்மகோல் மணி நிரப்பிய வேலை நன்றாகத்தான் நடந்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு விரிப்பைச் சுருட்டி எடுத்துப்போனாள்.

லீட்ரிம் மாவட்டத்தில், ஏரிக்கு மேலே இருக்கும் சரிவில், அந்த வீட்டை அவள் அப்பா மலக்கி தன் கையாலேயே கட்டினார். கான்கிரீட் பிளாக்கில் வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. "மழை வெளிச்சுவத்தோட நிக்கணும், நாம உள்சுவத்தோட நிக்கணும், நடுவுல காத்து நிக்கணும்" என்பார். ஒவ்வொரு பிளாக்கையும் விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுத்தான் வைத்தார். வீடு கட்டி முடித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடையில் போகும்போது சுவரைத் தட்டிக்கொண்டே போவார். மெதுவாக, கனமாக, ஒரு தட்டு. சற்று நின்று இன்னொரு தட்டு.

அந்த இடைவெளி வழியாகத்தான் வீட்டின் சூடெல்லாம் போயிற்று. சூடு என்று ஏதாவது இருந்திருந்தால். டர்ஃப், அதாவது காயவைத்து எரிக்கும் சதுப்பு மண் கட்டி, கொட்டகையில் கூரைவரை அடுக்கியிருக்கும். அடுப்பில் ஒன்றுக்கு மேல் போடவிட மாட்டார். அடுப்பின் முன்னால் இருந்த நாற்காலி அவருடையது. யாராவது அறைக்குள் வரக் கதவைத் திறந்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "சாத்து. சூடெல்லாம் வெளிய போகுது." நோரீனும் அவள் தம்பி லோர்கனும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் படுப்பார்கள். குளிர்காலத்தில் சுவர் வியர்க்கும். லோர்கனின் கட்டிலை ஒட்டிக் கரும்பூஞ்சை அவன் படுத்திருக்கும் உருவத்திலேயே படர்ந்தது. அவன் நெஞ்சு கெட்டது அந்தச் சுவரால்தான் என்று நோரீன் இன்றுவரை நம்புகிறாள்.

விளக்கை அணைத்த பிறகு இருவரும் நடுச்சுவரில் தட்டிப் பேசிக்கொள்வார்கள். லோர்கன் ஆரம்பிப்பான்: டக்டக், சற்று விட்டு, டக். இருக்கியா என்று அர்த்தம். அவளும் அதேபோலத் தட்டுவாள். சில சமயம் நடையிலிருந்து அப்பாவின் கணு விழும். மெதுவாக, கனமாக, ஒரே தட்டு. உடனே இரண்டு அறைகளும் அடங்கிவிடும். மூச்சுகூட விடமாட்டார்கள்.

போன வருடம் லோர்கனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போனது. ஐம்பதைத் தாண்டிய ஆள், தன் பழைய அறையில், பழைய சுவரை ஒட்டிய இரும்புக் கட்டிலில் கிடந்தான். இடது கையில் ஒரு ஸ்பூனை வைத்திருப்பான். ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் தட்டுவான். டக்டக், டக். அவள் வந்து எட்டிப் பார்த்தால் உதட்டின் ஒரு பாதியால் சிரிப்பான்.

இலையுதிர் காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினான். டாக்டரம்மா வாசலில் நின்று நோரீனிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ நெஞ்சுல குளிர் ஏறிச்சுன்னா தாங்க மாட்டார். இந்த அறையைச் சூடா வச்சுக்கோங்க. வேற வைத்தியம் எதுவும் இல்ல."

அதனால்தான் அவள் அந்த வேலையைச் செய்தாள். இரண்டு பேர் லாரியில் வந்தார்கள். வெளிச்சுவரில் துளை போட்டு, குழாயைச் செருகி, தெர்மகோல் மணிகளைப் பசையோடு சேர்த்து உள்ளே ஊதினார்கள். அரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போன்ற சத்தம் வீட்டைச் சுற்றி வந்தது. பக்கத்து அறையில், ஒருகாலத்தில் நோரீன் படுத்த அறையில், மலக்கி மூச்சு வாங்கிக் கிடந்தார். அவர் காதருகே சுவர் இரைந்தது.

"என் சுவத்துக்குள்ள என்னடி ஊத்துற?"

"சூடு வேணும்பா. லோர்கனுக்கு."

"நடுவுல காத்து நிக்கணும். நிறுத்தச் சொல்லு அவனுங்கள."

"முடியாதுப்பா."

அந்த வீட்டுக்குள் அவரிடம் அவள் சொன்ன முதல் முடியாது அது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மணி ஊதியவர்களில் மூத்தவன், டியர்னன், கிளம்பும்போது ஒன்று சொன்னான். ஒவ்வொரு அறையிலும் உத்தரத்துக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்க வேண்டாம் என்றான். அவள் தலையாட்டினாள். அன்று மாலையே நாற்காலியில் ஏறி நின்று, அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகளைச் சுருட்டி எல்லாத் துளைகளிலும் திணித்தாள். அந்த ஊரில் காலுறை திணிக்காத வீடு கிடையாது.

பிறகு மலக்கி இறந்தார். வெளியே எல்லாம் உறைந்து கிடந்த ஒரு நாள், வெளிச்சம் மங்கும் நேரம். அவள் கண்களை மூடிவிட்டாள், கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடிமேல் துணி போட்டாள். ஜன்னலுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தாள். செத்தவரின் உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, முகம் கழுவுவதுபோலச் செய்வார்கள். பக்கத்து அறையில் லோர்கன் இருமினான். ஈரமான, நீளமான இருமல். கைப்பிடியின் குளிர் அவள் உள்ளங்கையில் ஏறியது.

அப்புறம் திறக்கலாம் என்று நினைத்தாள். அப்புறம் பாதிரியார் வந்தார், சாண்ட்விச் தட்டுகளோடு அக்கம்பக்கத்தார் வந்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், பெட்டி வந்தது, பெட்டி போனது. ஜன்னல் திறக்கப்படவே இல்லை.

---

அடுத்த வீட்டு டிம்ப்னா ஒரு சட்டி சூப்போடு வந்தாள். எழுபது தாண்டியும் சரிவில் ஏறி நடந்தே வருகிறவள். உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றினாள், பிறகு கம்பளிச் சட்டையையும்.

"அடேயப்பா! ரொட்டி அடுப்புக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்குடி. மலக்கி மட்டும் இதப் பாத்திருந்தா செத்தே போயிருப்பான்." சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஐயோ, மன்னிச்சுக்கோ கண்ணு. ஆனா கிறிஸ்மஸுக்கு இங்க வந்தா நாங்க கோட்டக் கழட்டுனதே இல்ல. விஸ்கி ஊத்துவான், அடுப்புல இன்னொரு கட்டி போட மாட்டான்."

நோரீனும் சிரித்தாள். டீ ஊற்றினாள்.

டிம்ப்னா மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் அவன் பைப் வாசன போகல பாரு."

"ஆமா." நோரீனுக்கும் அது வந்தது. ஆனால் மலக்கி பைப் புகைப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

"ஜன்னலைத் தொறந்துதானே விட்ட?"

"தொறந்தேனே."

"கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல யாரும் நிக்கலயே?"

"இல்ல."

"மறக்காம சாத்திட்டியா அப்புறம்? தொறந்தே கிடந்தா திரும்பி வந்துரும்."

"சாத்திட்டேன் டிம்ப்னா. டீயக் குடிங்க."

"எங்க மாமனார் போனப்ப ஜன்னல் பெயின்டுல ஒட்டிக்கிச்சு. எம் புருஷன் என்ன பண்ணான் தெரியுமா? கோடாலிக் காம்பால கண்ணாடிய ஒரே அடி. அந்தக் குளிர்காலம் பூரா அட்டைய ஒட்டிக்கிட்டு நடுங்கினோம். கிழவன் உயிரோட இருந்தப்பயும் எங்கள நடுங்க வச்சான், போகும்போதும் நடுங்க வச்சுட்டுத்தான் போனான்."

நோரீன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தொறக்காம விட்டா என்ன ஆகும்?"

டிம்ப்னாவின் சிரிப்பு நின்றது. அவள் கோப்பையைத் தட்டின்மேல் வைத்தபோது சத்தமே வரவில்லை.

"தெரியாது கண்ணு. தொறக்காம விட்டவங்க யாரையும் நான் பாத்ததில்ல."

அவள் போன பிறகு நோரீன் அப்பாவின் அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்தாள். குளிர் காற்று உள்ளே விழுந்தது, திரைச்சீலை அசைந்தது, தூரத்தில் ஏரிப்பக்கம் ஒரு நாய் குரைத்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கட்டில் பக்கத்துச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். முழுக்கக் குளிர்ந்திருந்தது. தலைமாடு, கால்மாடு, எங்கேயும் சூடில்லை. பெருமூச்சு விட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு நடையை நோக்கித் திரும்பும்போது, சும்மா, சுவரோடு கையை ஓட்டிக்கொண்டே போனாள்.

மூலையில், லோர்கனின் அறையைப் பிரிக்கும் நடுச்சுவர் வந்து சேரும் இடத்தில், அது இருந்தது. பட்டையாக அல்ல. நிற்கிற ஒருவரின் உயரத்தில். வெதுவெதுப்பாக.

---

நோரீன் போன் செய்து கூப்பிட்டதும் டியர்னன் மறுநாள் பிற்பகல் வந்தான். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் காலம். வெளிச்சம் போவதற்குத்தான் காத்திருந்ததாகச் சொன்னான். கையில் சூட்டைப் படம்பிடிக்கும் காமிரா.

"அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. நாங்க ஊதுனப்ப ஜன்னல் வழியா என்ன ஒரு வார்த்த கேட்டாரு பாருங்க, இன்னும் காதுல நிக்குது."

"என்ன கேட்டார்?"

"அத விடுங்க. எங்க அம்மாவ இழுத்துட்டாரு."

வீட்டின் பின்பக்கம் போனார்கள். பனியில் புல் நொறுங்கியது. அவன் காமிராவைச் சுவரை நோக்கிப் பிடித்துத் திரையைக் காட்டினான். சுவர் முழுக்கக் கருநீலமாக இருந்தது. இரண்டு ஜன்னல்கள் மட்டும் மங்கிய மஞ்சளில்.

"பாத்தீங்களா? நீலம்னா சூடு வெளிய வரலன்னு அர்த்தம். ஒரு பொட்டு வரல. எங்க வீட்லயே இவ்வளவு நல்லா..." அவன் நிறுத்தினான்.

இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவில், நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கறை.

அவன் அருகே போய்ச் சுவரைத் தொட்டான். "பனிக்கட்டி மாதிரி இருக்கு." திரையைப் பார்த்தான். துடைத்தான். மறுபடி பார்த்தான். "உள்ள எலி கூடு கட்டியிருக்கும். குடும்பமா இருந்தா இப்படித்தான்..."

கறை நகர்ந்தது. அவசரமில்லாமல். சுவருக்குப் பின்னால் ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பதுபோல, லோர்கனின் ஜன்னலை நோக்கி ஓரடி போய் நின்றது.

"பெரிய எலி" என்றான் டியர்னன். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"மணிய உறிஞ்சி வெளிய எடுத்துடலாமா?"

"எடுக்க முடியாது. பசை இறுகிடுச்சு. இந்நேரம் எல்லாம் ஒரே கட்டி. அதுக்குள்ள ஒண்ணுமே நகர முடியாதுங்க, ஊசிகூட. அதனாலதான்..." அவன் காமிராவை அணைத்தான். "திங்கட்கிழம துளை போட்டுப் பாக்கறேன்."

"இப்பவே பாருங்களேன்."

"திங்கட்கிழம, நோரீன்."

அவன் வண்டியின் விளக்குகள் சரிவில் இறங்கி மறையும்வரை நின்றாள். அவன் கையுறை ஒன்று புல்லில் கிடந்தது. திங்கட்கிழமை அதை எடுக்கக்கூட அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே போனபோது லோர்கனின் அறையில் சத்தம். மெல்லியது. யாரோ ஒரு பிடி அரிசியைத் தட்டில் விடுவதுபோல. கட்டிலுக்குப் பக்கத்தில், பிளக் பாயிண்டின் துளைகளிலிருந்து வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். காய்ந்திருந்தது. பசையே இல்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பிரித்தெடுத்ததுபோல.

நிமிர்ந்தாள்.

லோர்கன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலின் ஓரத்துக்கே உருண்டுபோய், கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, குளிர்காலப் பூனை அடுப்போடு ஒட்டிக்கொள்வதுபோல. கன்னம் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அந்தச் சுவர் அவனுக்குத் தராததை இப்போது தந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பைப் புகையின் வாசனை தலையணையிலிருந்து வந்தது.

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கட்டிலின் இரும்புக் கால்களைத் தரையில் உரசிக்கொண்டே அறையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவன் கண் விழித்தான். அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

"லோர்கன், என்னப் பாருடா. அங்க என்ன?"

ஸ்பூனைத் தூக்கினான். சுவர் எட்டவில்லை. கை காற்றிலேயே நின்றது.

அவள் ஸ்பூனை வாங்கி மேசைமேல் இருந்த தட்டில் வைத்தாள்.

---

அவனைச் சமையலறைக்குக் கொண்டுபோக முயன்றாள். இரும்புக் கட்டில் கதவு வழியே போகாது. அந்த அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்திய கட்டில் அது. அவனைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். உதவிக்கு வருகிற பெண் காலையில்தான் வருவாள். டிம்ப்னாவுக்குப் போன் செய்ய எடுத்தாள். என்ன சொல்வது? ஜன்னலைத் திறக்கவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்றா? கிழவி இந்தப் பனியில் சரிவேறி வருவாள். வந்தாலும் லோர்கனைத் தூக்க அவளால் ஆகாது. போனை வைத்தாள்.

பனி இறுகிக்கொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்தது. வீட்டுக்குள் அத்தனை சூடு. காற்று நகராத சூடு. அப்பா ஆயுசு முழுக்கக் காத்த சூடெல்லாம் இப்போது சேர்ந்து வந்ததுபோல.

சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கட்டில் முன்பு இருந்த இடத்தில் அந்தச் சூடு நின்றுகொண்டிருந்தது. உள்ளங்கைக்கு அடியில் சுவர் மெல்ல இளஞ்சூடாகி, மெல்லத் தணிந்தது. ஏறி, இறங்கி. அவள் திரும்பி லோர்கனின் நெஞ்சைப் பார்த்தாள். ஏறி, இறங்கி. இரண்டும் ஒன்றாக.

பிறகு சுவர் ஒரு மூச்சைத் தாமதித்தது. லோர்கனும் தாமதித்தான்.

அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

திறந்தால் குளிர் ஏறும். திறக்காவிட்டால் இது. டாக்டரம்மாவின் குரல், டிம்ப்னாவின் குரல், இரண்டும் அவள் தலைக்குள் மாறி மாறி வந்தன. கொஞ்ச நேரம்தான், என்று முடிவுசெய்தாள். போகிறதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வீட்டில் இருந்த போர்வையெல்லாம் கொண்டுவந்தாள். அவனுக்குக் கம்பளித் தொப்பி போட்டாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. காலடியில் ஒரு வெந்நீர்ப் பை, நெஞ்சில் ஒன்று. முகம் மட்டும் தெரிந்தது. அவன் கண்கள் அவளைத் தேடி வந்தன. உதட்டின் பாதி கொஞ்சம் அசைந்தது.

"கொஞ்ச நேரம்டா. அப்பாவ அனுப்பிட்டு உடனே சாத்திடறேன். பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன்."

நாற்காலியில் ஏறினாள். காற்றுத் துளையிலிருந்து காலுறையை இழுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன்பு யாரோ கழற்றியதுபோல. தரையில் போட்டாள்.

ஜன்னலின் கைப்பிடியைத் திருப்பினாள். திறந்தாள்.

ஓரமாக ஒதுங்கி நின்றாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் யாரும் இல்லை.

பனி உள்ளே வந்தது. திரைச்சீலை புடைத்தது. நின்றது. பிறகு வெளிப்பக்கம் இழுபட்டு, நீண்டு, தளர்ந்தது. பிளக் பாயிண்டிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த மணிகள் நின்றன. அவள் சுவரோடு சுவராக நகர்ந்து கை வைத்தாள்.

குளிர்.

மேலே. குளிர். கீழே, பக்கத்தில், மூலையில். குளிர், குளிர், குளிர். அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். வெறும் பிளாக். வெறும் சிமென்ட். அழுகை வந்தது. பைப் வாசனைகூட இல்லை.

"போயாச்சுடா" என்றாள். "லோர்கன், போயாச்சு."

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"சாத்துடி. சூடெல்லாம் வெளிய போகுது."

தெளிவான குரல். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. போர்வை சரசரத்தது. ஓரக்கண்ணில் தெரிந்தது: ஒரு கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, கழுத்துத் துண்டை உருவி எறிந்துவிட்டு, போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டது.

வலது கை.

அப்போது அவள் நெற்றிக்கு அடியில், சுவருக்குள்ளே, சத்தம் கேட்டது.

டக்டக்.

டக்.

ஸ்பூன் மேசைமேல் தட்டில் கிடந்தது. அவள் பார்த்தாள். அசையாமல் கிடந்தது.

டக்டக். டக். இருக்கியா?

அவள் முட்டி போட்டாள். கட்டில் இருந்த உயரத்தில், பழைய கரும்பூஞ்சை படர்ந்த அதே இடத்தில், உள்ளங்கையைப் பதித்தாள். ஒரு சின்ன வட்டம் சூடாக இருந்தது. ஒரு கன்னத்தின் அளவு.

"சாத்துன்னு சொன்னேன்."

ஜன்னல் திறந்தே கிடந்தது. சாத்தினால் சுவருக்குள் இருக்கும் தம்பி உள்ளேயே. திறந்திருந்தால் அவன் போய்விடுவான், அந்தப் பனிக்குள், தனியாக. அவளுடைய ஒரு கை சுவரில் இருந்தது. இன்னொரு கை கைப்பிடியை நோக்கிப் போய்ப் பாதி வழியில் நின்றது.

டக்டக். டக். டக்டக், டக். வேகமாக. சின்னப் பையன் பயந்தால் தட்டுவதுபோல. அவள் விரலை மடக்கினாள், பதிலுக்குத் தட்ட.

பின்னால், கட்டிலின் இரும்புச் சட்டத்தில், விரல் கணு ஒன்று விழுந்தது. மெதுவாக. கனமாக. ஒரே தட்டு.

சுவர் அடங்கியது.

அவள் உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்னச் சூடு அப்படியே இருந்தது, அசையாமல், மூச்சுகூட விடாமல்.